காற்று கெட்டால் கொண்டாட்டம்

இங்கிலாந்தில் இலையுதிர்காலம் எப்போது ஆரம்பம் என்று பறவை பார்க்கிற ஆசாமியிடம் கேட்டுவிடாதீர்கள். ஜூலை என்பார். ஊரெல்லாம் ஐஸ்கிரீமும் அரைக்கால் சட்டையுமாக அலைகிற மாதத்தில் இவர் மட்டும் வலசை ஆரம்பித்துவிட்டது என்று டெலஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் கணக்கு சரிதான். ஆர்க்டிக் பக்கம் கூடு கட்டி, முட்டையை நரிக்குப் பறிகொடுத்த உள்ளான்கள் அங்கே நின்று என்ன செய்யும்? ஜூலை முதல் வாரத்திலேயே தெற்கே திரும்பிவிடும். ஆகஸ்டில் வீட்டியர், செப்டம்பரில் தகைவிலான், அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வருகிற கூட்டம் என்று நவம்பர் பாதிவரை இழுத்துக்கொண்டு போகும்.

நான் இதைப் பார்க்கப் போவது டஞ்சனெஸ். கென்ட்டின் தென்கோடியில், ஆங்கிலக் கால்வாய்க்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற நிலம். ஐரோப்பாவின் மிகப் பெரிய கூழாங்கல் வெளிகளில் ஒன்று. கடற்கரை என்றதும் நமக்கு மணல்தானே ஞாபகம் வரும்? இங்கே கால் வைத்த இடமெல்லாம் சக்கிமுக்கிக் கல். பழுப்பு, தேன் நிறம், சாம்பல் என்று முட்டை அளவிலும் முஷ்டி அளவிலும் கிடக்கும். ஒவ்வொரு பெரும்புயலும் ஒரு கல்வரப்பை ஒதுக்கிவிட்டுப் போக, வரப்புக்குப் பின் வரப்பாக நிலம் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது. நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் சீக்கிரமே பேசத் தொடங்கிவிடும். இந்த ஊர் மீனவர்கள் ஒரு காலத்தில் பூட்ஸுக்கு அடியில் பலகை கட்டிக்கொண்டு நடந்தார்கள். அதற்கு ‘பேக்ஸ்டே’ என்று பெயர். என்னிடம் அது இல்லை, மெதுவாக நடக்கிறேன்.

கல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது இங்கே இன்னொரு சங்கதி. தென்மேற்கு அலை மேற்குக் கரையிலிருந்து கல்லை அள்ளிக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. மேற்குப் பக்கம் இருப்பதோ அணுமின் நிலையம். அதனால் கடல் கொண்டுபோனதை லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். 1960களிலிருந்து நடக்கிற வேலை. கடல் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். யாருக்கும் சலிக்கவில்லை.

என்னோடு வருகிறவர் மன்னார்க்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறார். பெயர் வேண்டாம், அண்ணா என்றே வைத்துக்கொள்கிறேன். பறவைப் பெயர்களில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது, காற்றில் உண்டு. பிபிசி வானிலை தென்மேற்கு, வடகிழக்கு என்று என்ன சொன்னாலும் அவர் மேற்குக் காற்றைக் கச்சான் என்பார், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்பார். இப்போது எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கச்சான் அடித்தால் கடலைப் பார், கொண்டல் அடித்தால் புதரைப் பார். டஞ்சனெஸ்ஸில் அக்டோபர் மாதப் பாடம் மொத்தமும் இவ்வளவுதான்.

“தம்பி, இண்டைக்கு என்ன காத்து?”

“கச்சான்தான் அண்ணா. நல்லா தூக்கி அடிக்குதாம், மழையும் இருக்காம்.”

“அப்ப வெளிக்கிடுவம்.”

இந்த ‘அப்ப வெளிக்கிடுவம்’தான் விஷயம். வெயில் காய்கிற, காற்று ஓய்ந்த, பிள்ளைகுட்டியோடு கடற்கரைக்குப் போக ஏற்ற நாளில் நாங்கள் வீட்டில் இருப்போம். வலசை பார்க்கிறவனுக்கு நல்ல நாள் என்பது பறவைக்குக் கெட்ட நாள். வானம் தெளிந்து, பின்னாலிருந்து லேசாகத் தள்ளுகிற காற்று இருந்தால் எந்தப் பறவையும் டஞ்சனெஸ்ஸில் இறங்காது. கண்ணுக்கு எட்டாத உயரத்தில், பெரும்பாலும் ராத்திரியில், நம் தலைக்கு மேலேயே பிரான்ஸுக்குப் போய்விடும். எதிர்காற்றில் சிக்கியது, மழையில் நனைந்தது, திசை தவறியது, கொழுப்புத் தீர்ந்தது, இவைதான் நம் கண்ணில் படும். இதை முதலில் புரிந்துகொள்ளாமல் ‘ஆஹா, எத்தனை பறவை’ என்று எழுதுகிற பயணக்கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன.

கச்சான் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மின்நிலையத்துக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி மரப்பலகையால் கட்டிய ஒரு மறைவிடம் இருக்கிறது. உள்ளே பலகை பெஞ்சு, காற்றுக்குத் திறந்த நீளச் சாளரம். டெலஸ்கோப்பை ஊன்றிக் கண்ணைப் பதித்தால் லென்ஸில் உப்புத்தான் முதலில் தெரியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் அலைச்சரிவுகளுக்கு நடுவே ஏதோ ஒன்று தோன்றி மறையும். கானெட் என்றால் சுலபம். வெள்ளை உடம்பு, கருத்த இறக்கை நுனி, பெரிய பறவை. பழுப்பாக, இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு அலையை ஒட்டிச் சாய்ந்து சாய்ந்து போனால் ஷியர்வாட்டர். அதிலும் பலேயரிக் ஷியர்வாட்டர் என்றால் மறைவிடத்தில் இருக்கிற எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மத்தியதரைக் கடலின் பலேயரிக் தீவுகளில் மட்டும் கூடு கட்டுகிறது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. குஞ்சு பொரித்து முடித்ததும் மற்ற பறவைகள் தெற்கே போகிற நேரத்தில் இது வடக்கே, நம் கால்வாய்க்கு வருகிறது. நெத்திலி மாதிரிச் சின்ன மீனுக்காக.

ஸ்குவா துரத்துவதை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆலா ஒன்று அலகில் வெள்ளி மீனோடு சிவனே என்று போய்க்கொண்டிருக்கும். ஆர்க்டிக் ஸ்குவா எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆலா மேலே ஏறினால் இதுவும் ஏறும், பக்கவாட்டில் சரிந்தால் இதுவும் சரியும், இடைவெளி ஒரு முழம்கூட இருக்காது. கடைசியில் ஆலா அலறிக்கொண்டு மீனைப் போட்டுவிடும். மீன் தண்ணீரைத் தொடுவதற்குள் ஸ்குவா அடியில் வந்து பிடித்துவிடும். அண்ணா இதை முதலில் பார்த்தபோது, “எங்கட ஊர்ச் சம்மாட்டி மாதிரி” என்றார், படகு முதலாளியைச் சொல்கிறார். பெரிய ஸ்குவாவைத்தான் இப்போது அவ்வளவாகக் காணவில்லை. 2022ல் பறவைக்காய்ச்சல் ஸ்காட்லாந்துத் தீவுகளில் அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. உலகத்தின் பெரிய ஸ்குவாக்களில் பாதிக்கு மேல் அந்தத் தீவுகளில்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

அக்டோபரில் பிரெண்ட் வாத்துகள் வரும். சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் பொரித்தவை. கடலை ஒட்டி ஒரே கோடாக, கரிய நிறத்தில் மேற்கே போகும். எண்ணுகிறவர்கள் மொத்த எண்ணிக்கையோடு விடமாட்டார்கள், இறக்கையையும் பார்ப்பார்கள். இறக்கையில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அந்த வருஷக் குஞ்சு. சில வருஷம் குஞ்சுகள் ஏராளமாக இருக்கும், சில வருஷம் ஒன்றுகூட இருக்காது. காரணம் வாத்தில் இல்லை, லெம்மிங் என்கிற எலியில். டைமிரில் லெம்மிங் பெருகிய வருஷம் நரிக்கு அது போதும். லெம்மிங் விழுந்த வருஷம் நரி வாத்துக்கூட்டுக்கு வந்துவிடும். சைபீரியாவில் எலி படுத்துவிட்டது என்று கென்ட் கரையில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

மின்நிலையம் ஓடிய காலத்தில் இங்கே இன்னொரு வேடிக்கை இருந்தது. நிலையத்தைக் குளிரவைத்த வெந்நீர் கடலுக்குள் கொப்பளித்து வெளியேறும் இடத்தில் கடற்காகங்களும் ஆலாக்களும் மொய்க்கும். ‘பேட்ச்’ என்பார்கள். ஏ நிலையம் 2006 கடைசியில் மூடியது. பி நிலையம் 2018ல் நின்று, 2021ல் இனி ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். கொப்பளிப்பு அடங்கியது, கூட்டமும் மெலிந்தது. அணு உலை நின்றதற்கு வருத்தப்பட்ட இயற்கை ஆர்வலர்களை நான் இங்கேதான் பார்த்தேன்.

கொண்டலுக்கு வருவோம். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஸ்காண்டிநேவியா மேல் வானம் தெளிந்து உயரழுத்தம் நிற்கும். அங்கே பறவைகள் நம்பிக் கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க வட கடலுக்கு மேலே பறந்து வரும்போது கீழ்க்காற்று மேற்கே தள்ளும். விடியற்காலையில் இங்கிலாந்துக் கரை பக்கம் மேகமும் தூறலும் காத்திருந்தால் தீர்ந்தது. முதலில் தெரிகிற நிலத்தில் அத்தனையும் இறங்கும். இதை ‘ஃபால்’ என்கிறார்கள். அப்படி ஒரு காலையில் டஞ்சனெஸ்ஸில் மரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால், இருக்கிற நாலு புதரிலும் முட்செடியிலும் படகின் கயிற்றிலும் பறவைகள் இருக்கும். ஒருமுறை கோல்ட்கிரெஸ்ட் என்ற பொடிக் குருவி என் பூட்ஸ் பக்கத்தில், கல்லிடுக்கில், சிலந்தி தேடிக்கொண்டிருந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். என்னைப் பார்த்து ஒதுங்கக்கூட அதற்கு நேரமில்லை, சாப்பிட வேண்டும். ஐந்தாறு கிராம் எடை. இங்கே இருபது பென்ஸ் நாணயம் சரியாக ஐந்து கிராம். அந்த நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டால் போட்டதே தெரியாது, அவ்வளவு கனம் உள்ள ஒன்று வட கடலைத் தாண்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் கரையோர மக்களால் இதை நம்ப முடியவில்லை. அதே நாட்களில் வந்து இறங்குகிற வுட்காக் என்ற பெரிய பறவையின் முதுகில் சவாரி செய்து வருகிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

பழைய கடலோரக் காவல் குடியிருப்பில் 1952லிருந்து பறவை ஆய்வகம் ஒன்று நடக்கிறது. பக்கத்துப் புதர்களில் வலைக்கம்பியால் புனல் போல அமைத்த ஹெலிகோலாந்துப் பொறிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஹெலிகோலாந்துத் தீவிலிருந்து வந்த முறை. புதர் வழியாக ஆள் மெல்ல நடந்து வந்தால் பறவை முன்னால் தாவித் தாவிப் போய்க் கடைசியில் உள்ள பெட்டிக்குள் நுழைந்துவிடும். வளையம் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பறவையின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இருக்கும், முதுகு உள்ளங்கையில். இடுக்கியால் அலுமினிய வளையத்தைக் காலில் அழுத்தி மூடுவார்கள். இறக்கையை அளப்பார்கள். பிறகு வயிற்றுப் பக்கம் வாயால் லேசாக ஊதுவார்கள். இறகு விலகும், கீழே தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் வழியே சிவப்பாகச் சதையும், கழுத்துக்குழியில் மஞ்சளாகக் கொழுப்பும் தெரியும். கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து ஓர் எண் போடுவார்கள். கடைசியில் தலைகீழாகச் சின்ன டப்பாவில் இட்டு எடை.

அந்தக் கொழுப்புத்தான் பயணச் செலவு. ஆகஸ்டில் நாணல் பக்கம் பிடிபடுகிற செட்ஜ் வார்ப்ளர் சாதாரணமாகப் பன்னிரண்டு கிராமுக்குள் இருக்கும். புறப்படுமுன் நாணல் பேன்களைத் தின்று தின்று எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அப்படிப்பட்டது டஞ்சனெஸ்ஸில் நின்று உங்களுக்குத் தரிசனம் தராது, ஒரே மூச்சில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போகக் கூடியது. ஃபால் நாளில் ஊதிப் பார்க்கும்போது மஞ்சளே தெரியாத பறவைகள்தான் நிறைய.

வளையம் மாட்டி என்ன கண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு: 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் தன் வீட்டில் கூடு கட்டிய தகைவிலானுக்கு வளையம் மாட்டினார். 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டுக்குள் அது பிடிபட்டது. பிரிட்டனின் தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று அதற்கு முன் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கில்பர்ட் வைட் போன்ற கூர்மையான இயற்கை ஆய்வாளருக்கே, சிலது இங்கேயே எங்காவது ஒளிந்து தூங்கிக் கிடக்குமோ என்ற சந்தேகம் விடவில்லை. நம் ஊரில் மார்கழியில் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே இனம்தான். ஆனால் அவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. கென்ட்டில் பொரித்தது தமிழ்நாட்டுக்கு வராது.

தமிழ்நாட்டுக்கு வருகிற வேறொன்று உண்டு. கிரீனிஷ் வார்ப்ளர். பால்டிக் கடலோரக் காடுகள்வரை கூடு கட்டுகிறது. ஆகஸ்டில் கிளம்பினால் ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் கிழக்கே திரும்பி, ஆசியாவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வருகிறது. நம் மலைக்காடுகளில் குளிர்காலம் முழுக்கச் ‘சிவிட் சிவிட்’ என்று கத்திக்கொண்டிருக்கும் அந்தப் பொடிக் குருவிதான். ஆகஸ்ட் கடைசியில் கொண்டல் வலுத்தால் ஒன்றிரண்டு இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வந்து விழும். கொடைக்கானல் போக வேண்டியது இங்கே ஒரு முட்புதரில் உட்கார்ந்திருக்க, சுற்றி இருபது பேர் கேமராவோடு நிற்பார்கள். அதை அன்று நாங்கள் எல்லோரும் கொண்டாடுவோம். அந்தக் குருவியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

குஞ்சுக்கு வழி சொல்லிக்கொடுப்பது யார்? பெரும்பாலான சின்னப் பறவைகளில் யாருமில்லை, பெற்றோர் எப்போதோ தனியே போயிருக்கும். 1950களில் பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் ஹேக் நகருக்கருகே வலசை போய்க்கொண்டிருந்த ஸ்டார்லிங்குகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். பெரிய பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, வழக்கமான வட பிரான்ஸ், இங்கிலாந்துப் பக்கம் திரும்பிவிட்டன. முதல் வருஷக் குஞ்சுகள் உடம்பில் எழுதியிருந்த திசையிலேயே பறந்து, ஸ்பெயினில் போய் இறங்கின. ஆகவே கொண்டலில் அடித்து வரப்படுகிற குஞ்சுக்குத் தான் தவறான ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

இதே கடலில் ரப்பர் படகில் ஆட்கள் வருகிறார்கள். டஞ்சனெஸ் லைஃப்போட் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதை இங்கே கூடுகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். பறவையையும் அகதியையும் சேர்த்துக் கவிதை எழுதுகிறவர்கள் உண்டு. மறைவிடத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அப்படி ஏதோ சொன்னார். அண்ணா சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில், “குருவி மாசியில திரும்பிப் போகும் தம்பி” என்றார். பிறகு கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விளக்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1904ன் பழைய கலங்கரை விளக்கத்தை மின்நிலையக் கட்டடம் மறைத்துவிட்டதால் 1961ல் புதியதைக் கட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, 43 மீட்டர் உயர ஒல்லிக் கோபுரம். நிலவில்லாத தூறல் இரவில் சுழலும் ஒளி பறவைகளை இழுத்து மோதவைத்துக் கொன்றுவிடும். ஈகிள் கிளார்க் என்பவர் 1901ல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்திலேயே போய் ஒரு மாதம் தங்கி, வலசையையும் இந்தச் சாவுகளையும் குறித்துவைத்தார். டஞ்சனெஸ்ஸின் புதிய கோபுரத்துக்குக் கீழிருந்து மேல்வரை வெளிச்சம் பாய்ச்சியிருக்கிறார்கள். கோபுரமே கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் மோதிச் சாவது குறைகிறது. மற்ற மனிதத் தந்திரங்களைவிட இதை நான் மதிக்கிறேன்.

கொஞ்சம் வடக்கே, கிரேட்ஸ்டோன் பக்கம், கற்குவாரி ஏரி நடுவே கான்கிரீட்டில் மூன்று பெரிய காதுகள் நிற்கின்றன. 1928க்கும் 1930க்கும் இடையில் கட்டியவை. எதிரி விமானத்தின் இரைச்சலை முன்கூட்டியே கேட்பதற்கு. அதில் ஒன்று 200 அடி நீளச் சுவர். விமானங்கள் வேகமானதும் ரேடார் வந்ததும் காதுகள் வீணாயின. ஆனால் ரேடார் திரையில் விமானம் இல்லாத இடத்திலும் புள்ளிகள் நகர்ந்தன. இயக்கியவர்கள் அவற்றுக்குத் ‘தேவதைகள்’ என்று பெயர் வைத்தார்கள். அவை பறவைகள் என்று சொன்னவர்களில் பறவையியலாளர் டேவிட் லேக் முக்கியமானவர். பிற்பாடு அவரே ரேடாரை வைத்து வட கடல் வலசையை ஆராய்ந்தார். கரையில் நின்று எண்ணுகிறவர்கள் காண்பது மிச்சம் மீதியை என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது. தெளிந்த இரவுகளில் அலை அலையாகப் போன கூட்டத்துக்கு மறுநாள் காலைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கூட்டத்தைக் கேட்க டஞ்சனெஸ்ஸுக்குப் போகவும் வேண்டாம். இங்கிலாந்தில் எந்த ஊரிலும், அக்டோபர் இரவில் டிவியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து நில்லுங்கள். ‘ஸீ...’ என்று ஊசியாக ஒரு குரல் மேலிருந்து விழும். ரெட்விங். கொஞ்சம் பொறுத்தால் வேறு பக்கமிருந்து இன்னொன்று.

போகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் மூன்று வாரங்கள் நல்லவை. வானிலை வரைபடத்தில் கொண்டலும் மழையும் சேர்ந்து வந்தால் லீவு போடுங்கள். காரில்லாதவர்களுக்கு ஹைத்திலிருந்து பதினைந்து அங்குல இருப்புப் பாதையில் பொம்மை ரயில் ஒன்று வருகிறது. ஆனால் அது கிளம்புகிற நேரத்துக்குப் பறவைகள் காலைச் சாப்பாட்டை முடித்திருக்கும், சீசன் ஓய்ந்தால் தினமும் ஓடாது, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மனின் கறுப்புக் குடிசையைப் பார்க்க வருகிறவர்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள். 2020ல் பொதுமக்கள் பணம் போட்டுக் காப்பாற்றிய வீடு, பார்க்க வேண்டியதுதான். வேலி இல்லையே என்று தோட்டத்துக்குள் நடந்துவிடாதீர்கள். கார் கொண்டுவருகிறவர்கள் தார்ச்சாலையை விட்டுக் கல்மேல் இறக்க வேண்டாம். சக்கரம் மாட்டிக்கொள்வது உங்கள் பாடு. ஆனால் கல்மேல் பாசியும் செடியும் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, அந்தத் தடம் உங்களுக்குப் பிறகும் கிடக்கும். தடித்த காலுறை, உப்புத் துடைக்கத் துணி, காற்று உள்ளே புகாத மேலங்கி. குடை கொண்டுவருகிறவர்களை அண்ணா ஏளனமாகப் பார்ப்பார், சொல்லிவிட்டேன்.